திரும்பப் பெறப்பட்ட விருது

நிருபமா சாஹு போட்ட ஒரு கணக்கு பதினெட்டு ஊர்களில் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரிலிருந்து ஈயத்தை விலக்கியது. அதை அமெரிக்க அரசாங்கத்திடம் நிரூபிக்க அவருக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை தேவைப்பட்டது. வேலை நிஜம், கோப்பை போலி. இரண்டையும் ஒரே மனுவில் வைத்தது அவர் செய்த தவறு. அந்தத் தவறை அவர் எப்படித் திருத்தினார், அதற்கு அவர் வீடு என்ன விலை கொடுத்தது என்பதை அதே குடியிருப்பில் இருந்து பார்த்தவன் நான். அதே வரிசையில் நின்றவனும்கூட.

அவர் ஒடிசாவில் பலாங்கீர்க்காரர். 2005இல் கணவர் தூர்ஜடியின் வேலை விசாவில் ஓஹாயோவுக்கு, ஹார்லன் ஃபால்ஸ் என்ற ஆற்றங்கரை ஊருக்கு வந்தார். மகள் இப்ஸிதாவுக்கு அப்போது நான்கு வயது. சில ஆண்டுகள் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தார். பிறகு நீர்ப் பொறியியல் படித்து ஊர்க் குடிநீர்த் துறையில் சேர்ந்தார்.

அந்த ஊரின் குழாய்கள் நூறு வயதானவை. தெருவிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய் ஈயமா செம்பா என்று யாருக்கும் தெரியாது. தோண்டினால்தான் தெரியும். பத்து இடத்தில் தோண்டினால் ஆறு இடத்தில் ஈயம் இருக்காது. அதற்குள் பக்கத்துத் தெருக் குழந்தை அதைக் குடித்துக்கொண்டிருக்கும். பழைய குழாய் பொருத்துநர்கள் எந்தக் குழாய் போட்டோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார்கள். பாதி அட்டைகள் தப்பு. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொன்னவர் ஹெர்ஷல் டிக்ஸ், பள்ளம் தோண்டும் குழுவின் மேஸ்திரி. அறுபது வயதுக் கறுப்பினத்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே துறையில் மண்வெட்டி பிடித்தவர்கள். அட்டையைக் கையில் வாங்கியதும் கையெழுத்தைத்தான் பார்ப்பார்.

"இது மெக்கென்னா எழுதினது, மிஸ் சாஹு. நம்பாதீங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் குடிச்சிட்டு மொத்தத் தெருவுக்கும் செம்புன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவான். எங்க தாத்தா அவனைத் திட்டாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல."

மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நிருபமா உட்கார்ந்து பன்னிரண்டாயிரம் அட்டைகளையும் எழுதிய கை வாரியாகப் பிரித்தார். ஒவ்வொரு கையும் எத்தனை தடவை பொய் சொன்னது என்று, தோண்டிய இடங்களோடு ஒப்பிட்டார். பிறகு வீட்டுக் குழாயைத் திறந்து வரிசையாகப் பத்து லிட்டர் பிடித்து, எந்த லிட்டரில் ஈயம் ஏறுகிறது என்று சோதித்ததையும் சேர்த்தார். லிட்டர் லிட்டராகப் பிடித்துப் பார்ப்பது முன்பே இருந்த முறை. அதையும் செத்துப்போன மனிதர்களின் நேர்மையையும் ஒரே கணக்கில் கோத்தது அவர். அதன் பிறகு பத்துப் பள்ளத்தில் ஒன்பதில் ஈயம் கிடைத்தது. மூன்று கட்டுரை எழுதினார். கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார். பதினெட்டு ஊர்கள் எடுத்துக்கொண்டன.

இதெல்லாம் நடந்தபோது அவர் அந்த நாட்டில் விருந்தாளிதான். இடையில் தூர்ஜடியின் நிறுவனம் மூடப்பட்டதால், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கிரீன் கார்டு வரிசையில் பழைய இடம் போய், 2016இல் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை. நார்வேயில் பிறந்திருந்தால் ஒன்றிரண்டு ஆண்டில் கிரீன் கார்டு. இந்தியாவில் பிறந்தால் இருபது, முப்பது ஆண்டு, அல்லது சாவு. பிறந்த இடத்தைக் கேட்டு மனிதரை நிறுத்தி வைப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பெயர் உண்டு. அதைக் கண்டித்து அறிக்கை வெளியிடும் நாடே இதைச் சட்டமாக வைத்திருக்கிறது.

நிருபமாவுக்கு முப்பது ஆண்டு காத்திருக்க நேரமில்லை. 2022 மார்ச் 19 அன்று இப்ஸிதாவுக்கு இருபத்தொன்று முடிகிறது. இருபத்தொன்று ஆனால் பிள்ளை பெற்றோரின் மனுவிலிருந்தும் விசாவிலிருந்தும் உதிர்ந்துவிடும். நான்கு வயதிலிருந்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்த ஊர் உச்சரிப்பில் பேசி, செவிலியர் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்தவள் ஒரே காலையில் அந்நியப் பெண் ஆகிவிடுவாள்.

ஒரு வழி இருந்தது. தொழிலில் அசாதாரணச் சாதனை செய்தவர்களுக்கு வேறு வரிசை. 2021இல் அதில் இந்தியர்களுக்கும் காத்திருப்பு இல்லை. மகளின் பிறந்தநாளுக்கு முன் மனு போட்டு, அது தேறிவிட்டால், மனு போட்ட நாளிலேயே அவள் வயது நின்றுவிடும்.

சட்டம் பத்து வகைச் சான்றுகளைச் சொல்கிறது. குறைந்தது மூன்று வேண்டும். நிருபமாவிடம் இரண்டு இருந்தன: துறைக்குச் செய்த பங்களிப்பு, கட்டுரைகள். வழக்கறிஞர் ரூத் காஸ்பர் காப்புரிமை இருக்கிறதா என்று கேட்டார். இலவசமாகக் கொடுத்துவிட்டேன் என்றார் நிருபமா. ரூத் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல மனசுக்குப் பத்துல ஒரு இடமும் ஒதுக்கலம்மா."

வரிசையில் நிற்கும் எங்களுடைய வாட்ஸப் குழுவில் அப்போது எல்லோர் வாயிலும் ஒரு பெயர்: சிராக் வோரா. நியூ ஜெர்சியில் இருந்தபடி, இந்த வரிசைக்கு ஆட்களைத் தயார் செய்து கொடுப்பவர். விருது, நடுவர் பதவி, உறுப்பினர் அட்டை, பத்திரிகையில் பேட்டி என்று எது குறைகிறதோ அதை நிரப்புவார். இது எங்களுக்குள் வெட்கப்படும் சங்கதியாக இருக்கவில்லை. கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதுபோல், யாரிடம் செய்தீர்கள், நன்றாகச் செய்தாரா என்று விசாரித்துக்கொள்வோம். பரிந்துரைக் கடிதங்களையும் நாங்களே எழுதி, பெரிய பேராசிரியர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குவோம். நிருபமாவும் தன்னைப் புகழ்ந்து ஐந்து கடிதம் எழுதினார். ஆறாவது ஹெர்ஷல் டிக்ஸ் பெயரில். வரைவை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. நான் பேசுவதை நான்தான் எழுதுவேன் என்று சொல்லி, கோடு போட்ட தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் சான்றுக்காகச் சிராக் ஒரு பன்னாட்டு நீர் மேதை விருதுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். நிருபமா தயங்கினார். சிராக் குஜராத்திக்காரர், அக்கா என்பதற்குப் பென் என்பார். பொறுமையாகப் பேசினார்: "நிருபமாபென், நீங்க செஞ்சது தங்கம். ஆனா அந்த ஆபீசர் தங்கத்தை உரசிப் பார்க்கறவன் இல்ல. பெட்டியைத்தான் பார்ப்பான். நான் பெட்டி குடுக்கறேன், அவ்வளவுதான். பொய்யா சொல்றோம்?"

படிவத்தை நிருபமாவே நிரப்பினார். கட்டணத்தைத் தூர்ஜடி கட்டினார். மூன்று வாரத்தில் அலைபோல் வளைந்த கண்ணாடிக் கோப்பை ஒன்று தபாலில் வந்தது. இப்ஸிதா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மா, இதுல பூ வைக்கலாமா?" என்றாள். கோப்பை வந்தபிறகு இரண்டு நாள் கழித்துத்தான் நடுவர் குழு கூடித் தேர்ந்தெடுத்ததாக மின்னஞ்சல் வந்தது. நிருபமா இரண்டு தேதிகளையும் பார்த்தார். பார்க்காததுபோல் இருந்துவிட்டார். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார், தன் தவறை மறைக்காமல்.

அமாவாசை கழியட்டும், பஞ்சாங்கத்தில் நாள் சரியில்லை என்று தூர்ஜடி மனுவைப் பதினோரு நாள் நிறுத்தி வைத்தார். ஒவ்வொரு நாளும் எண்ணப்படும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு! இரண்டு பொறியியல் பட்டம் பெற்ற மனிதர். செப்டம்பரில் மனு போனது.

நவம்பரில் குடியேற்றத் துறையிடமிருந்து கேள்வி வந்தது. பன்னிரண்டு பக்கம். பங்களிப்பைப் பற்றி இரண்டு பத்தி, விருதைப் பற்றி மூன்று பக்கம். இதே விருது, இதே ஆண்டு, பல மனுக்களில் காணப்படுகிறது. எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? நடுவர்கள் யார்? மனுதாரரோ அவர் சார்பில் வேறு யாரோ பணம் செலுத்தினார்களா?

சிராக் அசரவில்லை. மறுநாளே ஒரு கோப்பு அனுப்பினார். நடுவர் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல், கையெழுத்துகள். நிருபமாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. ஒரு நடுவர் ஹார்லன் ஃபால்ஸுக்கு நேரில் வந்து பள்ளத்தைப் பார்வையிட்டதாக எழுதியிருந்தது. விண்ணப்பக் கட்டணம் எதுவும் பெறப்படவில்லை என்று ஒரு சான்றிதழ். கோப்பில் போட்டிருந்த தேதியெல்லாம் சரியாக இருந்தது. எல்லாக் கையெழுத்தையும் போட்ட கை மட்டும் ஒன்றே.

கையெழுத்துகளைப் பிரித்தே பேர் வாங்கிய பெண்ணிடம் அதை அனுப்பியிருந்தார்கள்.

நிருபமா அதை எடுத்துக்கொண்டு ரூத் காஸ்பரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். ரூத் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. தெரிஞ்ச பிறகு இதை நான் அனுப்ப முடியாது. வேணும்னா வேற வக்கீலைப் பாத்துக்கோ, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"அனுப்பலைன்னா?"

"விருதைத் திரும்பப் பெறுகிறேன்னு நீயே எழுதணும். பணம் கட்டினோம்னு ஒத்துக்கணும். அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முந்தி நீயா சொன்னா மோசடின்னு முத்திரை குத்த மாட்டாங்கன்னு நம்பறேன். ஆனா முக்காலிக்கு ஒரு கால் போயிடும். குடிநீர்த் துறையில உன் பொறுப்பு முக்கியமானதுன்னு நான் வேற ஒரு கால் செதுக்கிப் பாக்கறேன். அது நிக்குமான்னு தெரியாது."

அன்று மாலை அவர்கள் வீட்டில் நான் இருந்தேன். பருப்பும் காய்கறியும் சேர்த்து வேகவைத்த தால்மா ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தட்டெடுக்கவில்லை. சிராக் சொல்லும் வழக்கறிஞரிடம் போகலாம் என்றார் தூர்ஜடி. அதே விருது, அதே நடுவர் குறிப்புகளை வைத்து இரண்டு குடும்பம் தேறிவிட்டதை நினைவுபடுத்தினார். அதில் ஒருவர் கடனட்டைக் கம்பெனியில் செயலித் திரையின் வண்ணம் மாற்றுபவர். அவர் அசாதாரணம், நீ சாதாரணமா என்று கேட்டார்.

"அவங்க செஞ்சதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் நிருபமா.

"நாடு முழுக்கப் பொய் சொல்லிட்டு உள்ள போகுது, நிரு. நீ மட்டும் வாசல்ல நின்னு அரிச்சந்திரன் வேஷம் போடு. கடைசியில சுடுகாட்டுல நிக்கப்போறது யாரு? நம்ம பொண்ணு."

"முதல் பொய்யை நான்தான் எழுதினேன், தெரியும். அதைக் காப்பாத்த இப்ப ஒம்பது பொய் வந்திருக்கு. இதையும் குடுத்தா, நாளைக்கு என் கணக்கை எவன் நம்புவான்? பதினெட்டு ஊர்ல அதை நம்பித்தான் தோண்டறாங்க. மெக்கென்னாவுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?"

இப்ஸிதா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. "இது என் வாழ்க்கை, மா. முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

நியாயமான கேள்வி. இன்றும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அந்த மாடிப்படி அல்ல என்பது மட்டும் தெரியும். பதினாறு ஆண்டு ஒரு குழந்தையை வளர்த்து, படிக்க வைத்து, அதன் தாயிடம் உழைப்பும் வரியும் வாங்கிக்கொண்டு, கடைசியில் தாய் பொய் சொன்னால் மகள் இருக்கலாம், உண்மை சொன்னால் போக வேண்டும் என்று வைத்த சட்டத்தைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரியில் பதில் போனது. முதல் பக்கத்தில் நான்கு வரி: அந்த விருது கட்டணம் செலுத்திப் பெறப்பட்டது, அதைச் சாதனைக்குச் சான்றாக முன்வைத்தது என் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். மீதி நூறு பக்கம் பதினெட்டு ஊர்களிலிருந்து வந்த சான்று. இந்த முறை ஒரு கடிதத்தையும் நிருபமா எழுதவில்லை. கேட்டார், வந்தது.

இரண்டு வாரம் தூர்ஜடி மனைவியோடு தேவைக்கு மேல் பேசவில்லை. குழுவில் சிலர் இன்னும் கோபமாக இருந்தார்கள். அதே விருதை வைத்து மனு போட்டவர்கள். ஒடியாக்காரர் ஒருவர், நிருபமா அபா, அதாவது அக்கா, எங்கள் எல்லோர் வீட்டுக்கும் நெருப்பு வைத்துவிட்டார் என்று எழுதினார். அவரை மறுத்து யாரும் ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பிப்ரவரி 22ஆம் தேதி முடிவு வந்தது. பங்களிப்பு, ஏற்கப்பட்டது. கட்டுரைகள், ஏற்கப்பட்டன. விருது திரும்பப் பெறப்பட்டதால் பரிசீலிக்கப்படவில்லை. முக்கியப் பொறுப்பு, நிராகரிக்கப்பட்டது. அவர் பொறுப்பு முக்கியமானதுதான். ஆனால் முப்பதாயிரம் பேர் வாழும் ஊரின் குடிநீர்த் துறை புகழ்பெற்ற நிறுவனம் என்று நிறுவப்படவில்லை. ஹெர்ஷல் டிக்ஸின் கடிதத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது: எழுதியவர் இத்துறையில் நிபுணர் என்பதற்கு ஆதாரம் அளிக்கப்படவில்லை. மூன்று தலைமுறையாக அந்த மண்ணைத் தோண்டியவரைப் பற்றி, அந்த மண்ணை மிதித்தே இராத ஒருவர் எழுதியது. மூன்று தேவை, இரண்டு உள்ளது, மனு நிராகரிக்கப்படுகிறது. மோசடி என்ற சொல் எங்கும் இல்லை. அந்த மட்டில் ரூத் சொன்னது பலித்தது.

ஹெர்ஷலிடம் அதைப் படித்துக் காட்ட நிருபமாவுக்கு மனம் வரவில்லை. அவரே வாங்கிப் படித்தார்.

"அப்ப நீங்க இதுவரைக்கும் இந்த ஊர்க்காரி இல்லையா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டு கூட வேலை செய்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை; தன் கடிதம் ஏதோ பதவி உயர்வுக்கு என்று நினைத்திருந்தார். "நான் உங்களை ரொம்ப நாளா இந்த ஊர்க்காரின்னு நினைச்சிட்டிருந்தேன், மிஸ் சாஹு. என்னையும் இந்த ஊர்ல நிபுணன்னு யாரும் நினைக்கல போல." தாளை மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி பள்ளத்தில் இறங்கினார்.

பிறந்தநாளுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. மேல்முறையீட்டுக்கு மாதக்கணக்காகும். அதே சான்றுகளோடு மறுமனு போட்டால் அதே பதில்தான் வரும் என்றார் ரூத். சிராக் வோராவுக்கு அதற்குள் செய்தி எட்டிவிட்டது. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவரைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவரும் பதினான்கு ஆண்டு அதே வரிசையில் நின்றவர். சனிக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தார். நிருபமா கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"பென், நடந்தது நடந்துபோச்சு. மூணு வாரம் எனக்குப் போதும். ரெண்டு நடுவர் பதவி, ஒரு உறுப்பினர் அட்டை, வேற கம்பெனி, சுத்தமான ஆளுங்க. இந்தத் தடவை விருதே வேண்டாம். பணம்கூட அப்புறம் குடுங்க. பொண்ணுக்காகச் சொல்றேன்."

தூர்ஜடி மனைவியைப் பார்த்தார். நிருபமா மகளைப் பார்த்தார். இந்த முறை அவர் கேட்டார். "இப்ஸி, நீ சொல்லு. நீ வேணும்னா நான் செய்யறேன்."

செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் எதற்கும் கையெழுத்துப் போடுவாள். அதைத் தெரிந்துதான் இந்தத் தொழில் நடக்கிறது.

இப்ஸிதா தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். "சிராக் அங்கிள், தேங்க்ஸ். ஆனா வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு தடவை எங்க அம்மா ஒரு பேப்பரைத் தொடும்போதும் அது நிஜமா பொய்யான்னு நான் யோசிச்சிட்டிருக்கணும்."

மீதி இருந்தது மாணவர் விசாதான். பிறந்து வளர்ந்த ஊர் என்றே சொல்லத்தக்க ஊரில், நாலு தெரு தள்ளி இருக்கும் கல்லூரியில், வெளிநாட்டு மாணவி. அந்த விண்ணப்பத்தை மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். சொந்த நாட்டில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் பலாங்கீரில் பெரியப்பா வீட்டு விலாசத்தைத் தூர்ஜடி சொல்லச் சொல்ல இப்ஸிதா எழுதினாள். அந்த வீட்டில் அவள் பதினாறு ஆண்டில் தங்கியது மொத்தம் பதினொரு நாள்.

அடுத்து ஒரு கடிதம் இணைக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் இந்த நாட்டை விட்டுப் போய்விடும் எண்ணம் உண்டு என்று மாணவி தன் வார்த்தையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தங்கிவிட நினைக்கிறேன் என்று எழுதினால் விசா கிடையாது. எல்லோரும் எழுதுவதுதான், நாலு வரி, எழுதிவிட்டுப் போ என்றார் தூர்ஜடி.

இப்ஸிதா பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். நிருபமா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். தான் பொய்யைத் திரும்பப் பெற்றதன் பலனாக மகள் ஒரு பொய்யை எழுத வேண்டியிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதை எழுது என்று சொல்லவும் முடியவில்லை, எழுதாதே என்று சொல்லவும் முடியவில்லை.

பேனா ஓடும் சத்தம் கேட்டது. நாலு வரிதான். எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அம்மாவிடம் நீட்டினாள்.

நிருபமா படிக்கவில்லை. "எனக்காக நீ இதெல்லாம் எழுத வேண்டியதாப் போச்சு" என்றார்.

"உனக்காக இல்ல. படிச்சுப் பாரு, மா. இதுல பொய் எதுவும் இல்ல. கனடாவுல ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்கு நேத்தே எழுதிப் போட்டுட்டேன். நர்ஸ் வேணுமாம் அவங்களுக்கு. எங்க பொறந்தேன்னு கேக்கல. படிப்பு முடிஞ்ச மறுநாள் நான் நிஜமாவே போயிடறேன்."

அடுத்த ஆண்டு மே மாதம் அவள் போனாள். நிருபமா இன்னும் வரிசையில் இருக்கிறார். திங்கட்கிழமைகளில் ஹெர்ஷலோடு பள்ளத்தில் இறங்குகிறார்.